கொல்லர் மகன் மைக்கேல் பாரடே

இன்று நம் ஊர்ப்புறங்களில் ‘ஸ்கேன்’ என்னும் சொல்லை அறியாதார் இலர். தலைவலி நீடித்தாலும், முதுகுத்தண்டு வலித்தாலும், பக்கவாதம் கண்டாலும் ஸ்கேன் எடுத்து வருமாறு மருத்துவர் எழுதித் தருகின்றார். அத்தகைய படங்களுள் எம்.ஆர்.ஐ. என வழங்கும் காந்த ஒத்ததிர்வுப் படம் தனிச்சிறப்பு வாய்ந்தது. உடலைக் கீறாமலும், எக்ஸ் கதிரைப் பாய்ச்சாமலும், மூளையின் வெண்பகுதியையும் சாம்பல் பகுதியையும் வேறுவேறாகப் பிரித்துக் காட்ட வல்லது அது. முத்துக்குளித்தலுக்குப் பேர் பெற்ற நம் கரையில், சிப்பியைத் திறந்த பின்னரே உள்ளே முத்து உண்டா, இல்லையா என்பது தெரியவரும். முத்தில்லாச் சிப்பிகளும் அதனால் வீணே மாய்ந்தன. திறவாமலே உள்ளிருப்பதை அறியும் வழியை மனித உடலுக்குச் செய்து தந்திருப்பது இக்கருவி.

இக்கருவி ஒருவர் கைவண்ணத்தில் உருவானதன்று. பல நாட்டு அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்து 1970களில்தான் முதற் படங்களைப் பெற்றனர். ஆயினும், அப்படம் எடுக்கும் அறைக்குள் நுழைந்து பார்ப்போமாயின், 1867ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்ட ஒருவருடைய கண்டுபிடிப்புகள் நான்கு அங்கே வேலை செய்து கொண்டிருப்பதைக் காணலாம். அவர் ஒரு கொல்லர் மகன். பதின்மூன்று வயதுக்குமேல் பள்ளி சென்றறியாதவர். கல்லூரி வாயிலை மாணவராக மிதித்தறியாதவர். மைக்கேல் பாரடே என்னும் அப்பெருமகனாரின் வாழ்வையும், அவர்தம் கண்டுபிடிப்புகள் நோயாளியின் உடலுக்குள் ஒளி காட்டும் வகையையும் இக்கட்டுரை சுருங்கக் கூறும்.

பிறப்பும் வறுமையும்

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள், இலண்டன் மாநகரின் தென்பால் உள்ள நியூவிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பாரடே, பிழைப்புத் தேடி வடபுலத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த கொல்லர். நோயாளியாகிய அவரால் நாள்தோறும் பட்டறையில் சம்மட்டி பிடிக்க இயலவில்லை. வேலை இல்லாத நாளில் கூலியும் இல்லை. தாயார் மார்கரெட் நான்கு மக்களையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளினார். 1801ஆம் ஆண்டில் தானிய விலை ஏறியபோது, ஒரு ரொட்டி சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்து உணவாக அளந்து கொடுக்கப்பட்டது என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர்.

பள்ளியிலும் அவருக்கு நற்பேறு வாய்க்கவில்லை. இளமையில் அவருக்கு ரகர ஒலி நாவில் வாராது. தம் அண்ணன் இராபர்ட்டின் பெயரையும் திருத்தமாகச் சொல்ல இயலாது தடுமாறினார். ஆசிரியை சினந்து, பிரம்பு வாங்கிவருமாறு அரைப்பென்னி கொடுத்து அந்த அண்ணனையே அனுப்பினாராம். இராபர்ட் அக்காசைச் சுவருக்கு அப்பால் வீசியெறிந்துவிட்டு நேரே வீட்டுக்குச் சென்று தாயிடம் முறையிட்டான். தாயார் பிள்ளைகள் இருவரையும் அப்பள்ளியிலிருந்தே நிறுத்திவிட்டார். எழுத்தும் எண்ணும் ஓரளவு கற்றதோடு அவருடைய பள்ளிப்படிப்பு முடிந்தது. நாத்திருந்தாத பிள்ளையை அறிவிலி என்று கருதும் ஆசிரியர் எக்காலத்தும் உண்டு. ஆசிரியப் பணியில் உள்ள நாம் இதனை நினைவில் இருத்துதல் நலம்.

புத்தகம் கட்டிய சிறுவன்

1804ஆம் ஆண்டு, பிளாண்ட்போர்டு தெருவில் புத்தகக் கடையும் புத்தகம் கட்டும் தொழிலும் நடத்திவந்த ரீபோ என்பவரிடம் பாரடே எடுபிடிச் சிறுவனாகச் சேர்ந்தார். செய்தித்தாள்களை வீடுவீடாகக் கொடுத்து, படித்து முடித்தபின் அவற்றைத் திரும்ப வாங்கி வருவது அவர் வேலை. மறு ஆண்டு, ஏழாண்டுக் காலம் தொழில் பழகும் மாணவராக அவரை ரீபோ ஏற்றுக்கொண்டார். இதற்குப் பணம் கட்டுவது அந்நாட்டு வழக்கம். சிறுவனின் நல்லொழுக்கத்தைக் கண்ட ரீபோ பணம் பெறவில்லை.

பிறர் படிப்பதற்காகத் தைத்து அட்டை கட்டிய நூல்களை, பசை உலரும் முன்னரே பாரடே படிக்கத் தொடங்கினார். ரீபோ தடுக்கவில்லை. கட்டுவதற்கு வந்த கலைக்களஞ்சியத் தொகுதியில் மின்சாரம் பற்றிய பகுதி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஜேன் மார்செட் என்னும் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூல் அவருக்கு ஆசானாயிற்று. படித்ததை அப்படியே நம்பிவிடாமல், கையிலிருந்த சில பென்னிகளுக்குப் புட்டிகளும் மருந்துகளும் வாங்கி, சோதித்துப் பார்த்தே ஏற்றுக்கொண்டார். இப்பழக்கம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

அக்காலத்தில் டேட்டம் என்பவர் தம் இல்லத்தில் மாலை வேளைகளில் அறிவியற் சொற்பொழிவுகள் நிகழ்த்தி வந்தார். ஒரு சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். தொழில் பழகும் சிறுவனிடம் அத்தொகை ஏது? பட்டறையில் உழைத்து வந்த அண்ணன் இராபர்ட் தம் கூலியிலிருந்து அந்த ஷில்லிங்கைக் கொடுத்தார். 1810ஆம் ஆண்டு தந்தையார் மறைந்தார். தாயார் வாடகைக்கு ஆள் வைத்துக் குடும்பம் நடத்தினார். அத்துயரிடையிலும் அண்ணன் தந்த ஷில்லிங் நிற்கவில்லை. ரீபோவின் வீட்டில் தங்கியிருந்த மாஸ்கெரியே என்னும் ஓவியர் பாரடேக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தார். சொற்பொழிவுகளில் கண்ட கருவிகளையெல்லாம் அதனால் அவர் தம் குறிப்பேட்டில் வரைந்து வைத்துக்கொண்டார்.

திறந்த கதவு

1812ஆம் ஆண்டு, கடைக்கு வந்துபோகும் இசைவாணர் வில்லியம் டான்சு என்பவர், இராயல் நிறுவனத்தில் ஹம்பிரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளுக்கு நுழைவுச்சீட்டு வாங்கித் தந்தார். டேவி அந்நாளில் இங்கிலாந்தின் தலைசிறந்த வேதியியலார். பாரடே மேல்மாடத்தில் அமர்ந்து ஒவ்வொரு சொல்லையும் கருத்தூன்றிக் கேட்டார். வீட்டுக்கு வந்து விரிவாக எழுதினார், படங்கள் வரைந்தார், தாம் பழகிய தொழிலைக் கொண்டு அவற்றை அழகிய நூலாகக் கட்டினார். அறிவியற் பணியில் எவ்வளவு சிறிய வேலையாயினும் தருமாறு இராயல் கழகத் தலைவருக்கு எழுதிய மடலுக்கு மறுமொழியே வரவில்லை. பின்னர், தாம் கட்டிய நூலை மடலோடு சேர்த்து டேவிக்கே அனுப்பினார்.

டேவி அன்போடு அழைத்துப் பேசினார். ஆயினும் இடம் காலியாக இல்லாமையால், புத்தகத் தொழிலையே தொடருமாறு அறிவுரை கூறி அனுப்பிவிட்டார். சில நாட்களில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் சண்டையிட்டுப் பணி நீக்கப்பெறவே, டேவிக்கு அந்த இளைஞரின் நினைவு வந்தது. 1813ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் பாரடே பணியில் அமர்ந்தார். வாரத்துக்கு 25 ஷில்லிங் ஊதியம். கட்டடத்தின் உச்சியில் இரண்டு அறைகள். புட்டி கழுவுவதும் கருவிகளைத் துடைத்து வைப்பதுமே தொடக்கத்தில் அவர் வேலை.

அவ்வாண்டு அக்டோபரில் டேவி தம் துணைவியாருடன் ஐரோப்பாவைச் சுற்றிவரப் புறப்பட்டார். அவருடைய பணியாள் உடன்வர மறுக்கவே, ஆய்வு உதவியாளராகச் சென்ற பாரடே பணியாளின் வேலையையும் செய்ய நேர்ந்தது. டேவியின் துணைவியார் அவரை வேலையாளாகவே நடத்தினார். உணவையும் வேலையாட்களோடு உண்ண வைத்தார். ஜெனீவாவில் தெலாரீவ் என்னும் அறிஞர் பாரடேயின் தகுதியை உணர்ந்து தம் பந்தியில் அமரச் சொல்ல, அம்மையார் அதற்கு இணங்கவில்லை என்றும், தெலாரீவ் அவருக்குத் தனியே விருந்தளித்தார் என்றும் கூறுவர். உடன் அமர்ந்து உண்ண ஒருவர் மறுப்பது எத்தகைய புண்ணை உண்டாக்கும் என்பதை நம் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பாரடே மனம் வெதும்பித் திரும்பிவிட எண்ணியதும் உண்டு. எனினும் பொறுத்துக்கொண்டார். பாரிசிலும் இத்தாலியிலும் அந்நாளைய பேரறிஞர்களைக் கண்டார், மொழிகள் கற்றார், 1815ஆம் ஆண்டு ஏப்ரலில் நாடு திரும்பினார். அப்பயணமே அவருக்குப் பல்கலைக்கழகமாக அமைந்தது.

நான்கு கண்டுபிடிப்புகள்

1821ஆம் ஆண்டு சாரா பர்னார்டு என்னும் நங்கையை மணந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அவர் செய்த சோதனை உலகப் புகழ் பெற்றது. பாதரசம் நிறைந்த கிண்ணத்தில் காந்தம் ஒன்றை நிறுத்தி, மின்னோட்டம் பாயும் கம்பியை அதன் அருகே தொங்கவிட்டார். கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. காந்தத்தின் அருகே மின்னோட்டம் பாயும் கம்பியை ஒரு விசை தள்ளுகின்றது என்பது புலப்பட்டது. இன்றைய மின்மோட்டார்களின் முன்னோடி அச்சிறு கம்பியே. இச்சோதனையின் பெருமை முழுதும் அவருக்குரியதன்று என்று சிலர் பழி கூறினர். 1824ஆம் ஆண்டு இராயல் கழக உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்பெற்றபோது, தலைவராக இருந்த டேவியே எதிர்த்து நின்றார். அப்போதும் பாரடே தம்மை ஏற்றிவிட்டவரைப் பற்றி இழிவாகப் பேசியதில்லை.

இரண்டாவது கண்டுபிடிப்பு 1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் நிகழ்ந்தது. மின்சாரத்தால் காந்தத்தன்மை பிறக்குமாயின், காந்தத்தால் மின்சாரம் ஏன் பிறக்கக்கூடாது என்னும் வினா பத்தாண்டுகளாக அவரை விடவில்லை. இரும்பு வளையம் ஒன்றில் இருபுறமும் கம்பிச்சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தைச் செலுத்தியபோதும் நிறுத்தியபோதும் மற்றொன்றில் கணநேர மின்னோட்டம் எழுவதைக் கண்டார். அக்டோபரில், வெறும் காந்தத்தைச் சுருளுக்குள் செலுத்தி இழுத்தாலே மின்சாரம் பிறக்கும் என்று காட்டினார். காந்தம் அசையாது கிடந்தால் ஒன்றுமில்லை. காந்தப்புலம் மாறும்போதே மின்சாரம் எழும். தூத்துக்குடி அனல் மின் நிலையம் எழுந்ததும் இந்த மின்காந்தத் தூண்டல் விதியின் மீதே.

1833, 1834ஆம் ஆண்டுகளில் மின்னாற்பகுப்பு விதிகளை வகுத்தார். உப்புக்கரைசலில் மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடா எடுக்கும் ஆலைகள் இவ்விதிகளின்படியே இயங்குகின்றன. நம் மாப்பிள்ளையூரணிப் பகுதி உப்பளங்களில் வெயிலில் நின்று உப்பு வாருவோர், தம் கைப்பட்ட உப்பு எத்துணைப் பொருள்களுக்கு மூலமாகின்றது என்பதை அறிதல் நன்று.

மூன்றாவது, 1836ஆம் ஆண்டில் அவர் கட்டிய கூண்டு. ஒவ்வொரு பக்கமும் 12 அடி நீளமுள்ள மரச்சட்டக் கூண்டைக் கம்பிகளாலும் உலோகத் தகட்டாலும் போர்த்தி, தாமே அதனுள் சென்று அமர்ந்தார். வெளியே தீப்பொறி பறக்கும் அளவுக்குக் கூண்டில் மின்னேற்றம் செய்தனர். உள்ளே இருந்த நுண்ணிய கருவிகளில் சிறு அசைவும் இல்லை. உலோகத்தால் சூழப்பெற்ற இடத்தினுள் வெளிமின்சாரத்தின் தாக்கம் நுழையாது என்பது உறுதியாயிற்று.

நான்காவது கண்டுபிடிப்பு, உடல்நலம் குன்றிப் பல ஆண்டுகள் ஓய்ந்திருந்த பின்னர் 1845ஆம் ஆண்டில் வந்தது. இரும்பு போன்ற சிலவே காந்தத்தால் இழுக்கப்படும் என்று உலகம் எண்ணியிருந்த காலம் அது. வலிய மின்காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே கண்ணாடித் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டபோது, அது காந்தத்தால் மெல்ல விலக்கப்பட்டதை நவம்பரில் அவர் கண்டார். உடனே கையில் அகப்பட்டவற்றையெல்லாம் சோதித்தார். நீர், மரம், ரொட்டி, ஆப்பிள், இறைச்சி, குருதி ஆகிய அனைத்தும் அவ்வாறே விலகின. இவற்றுக்கு டயா காந்தப் பொருள்கள் என்று பெயரிட்டார். ஒரு மனிதனைக் காந்தப் புலத்தில் தடையின்றித் தொங்கவிட முடிந்தால், அவன் உடலும் புலத்துக்குக் குறுக்காகத் திரும்பி நிற்கும் என்றும் எழுதினார். எல்லாப் பொருளும், மனித உடலும்கூட, காந்தத்துக்கு மறுமொழி தருகின்றது என்னும் உண்மை அன்று வெளிப்பட்டது.

காந்தப் படத்தின் அடிப்படை

இனி இந்நான்கும் மருத்துவமனை அறையில் பணிபுரியும் வகையைக் காண்போம்.

நம் உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஹைட்ரஜனின் அணுக்கரு புரோட்டான் எனப்படும். ஒவ்வொரு புரோட்டானும் மிக நுண்ணிய காந்த ஊசி எனலாம். இயல்பு நிலையில் இவ்வூசிகள் எல்லாத் திசையிலும் தாறுமாறாக நிற்கும். நோயாளியைப் படுக்கவைக்கும் குழாயைச் சுற்றிப் பெருங்காந்தம் ஒன்று உள்ளது. பரவலாக உள்ள கருவிகளில் அதன் வலிமை 1.5 டெஸ்லா, அஃதாவது புவியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. இதன் சுருள், சுழிக்குக் கீழ் 269 செல்சியஸ் அளவுக்குத் திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பெறும்; அந்நிலையில் மின்தடை அறவே நீங்குவதால், செலுத்திய மின்னோட்டம் குறையாது ஓடிக்கொண்டிருக்கும். இப்புலத்தில் புரோட்டான்கள் இருவகையாக நிற்கும். புலத்தின் திசையில் நிற்பவை எதிர்த்திசையில் நிற்பவற்றைவிடச் சற்றே மிகுதி. அம்மிகுதி பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ ஐந்துதான். உடலில் புரோட்டான்கள் எண்ணிலடங்கா ஆகையால் அச்சிறு மிகுதியே போதுமானது.

சாய்ந்த பம்பரத்தின் தலை வட்டமிடுவதுபோல, இந்த ஊசிகள் புலத்தைச் சுற்றி வட்டமிடும். 1.5 டெஸ்லாவில் அவ்வட்டம் நொடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம் முறை. அதே அதிர்வெண்ணுள்ள வானொலி அலையைச் செலுத்தினால், ஊஞ்சலைத் தாளம் அறிந்து தள்ளுவது போல, அவை ஆற்றலை ஏற்றுச் சாயும். இதுவே ஒத்ததிர்வு. அலையை நிறுத்தியதும், சாய்ந்த ஊசிகள் ஒன்றாக வட்டமிட்டபடியே மீளத் தொடங்கும். வட்டமிடும் காந்தத்தின் பக்கத்தில் கம்பிச்சுருள் ஒன்றை வைத்தால் என்ன நிகழும்? 1831ஆம் ஆண்டின் விதிப்படி அச்சுருளில் மின்சாரம் எழும். அம்மெல்லிய மின்சாரமே நம் உடலின் நீர் தரும் செய்தி.

இவ்வுண்மையைப் பிளாக், பர்செல் என்னும் இருவரும் தனித்தனியே 1946ஆம் ஆண்டில் வெளியிட்டு, 1952ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். நம் நாட்டிலும் இத்துறை விரைவில் கால்கொண்டது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் சூர்யன் என்பவர், ஓடும் நீர்மத்தில் இவ்வதிர்வு எவ்வாறு மாறுகின்றது என்பதை ஆராய்ந்து 1951ஆம் ஆண்டில் வெளியிட்டார். குருதி ஓட்டத்தைக் காந்தத்தால் அளக்கும் முறைகளுக்கு அக்கட்டுரை முன்னோடிகளுள் ஒன்று.

செய்தி உடலின் எப்பகுதியிலிருந்து வருகின்றது என்பதை அறிய வேண்டுமே? புலம் வலுத்த இடத்தில் வட்டம் விரைவு. மெலிந்த இடத்தில் மெது. ஆகவே, கூடுதற் சுருள்களால் புலத்தை இடத்துக்கிடம் சிறிது மாற்றி வைத்தால், அதிர்வெண்ணே இருப்பிடத்தைச் சொல்லிவிடும். இதனை லாட்டர்பர் 1973ஆம் ஆண்டில் காட்டினார். மேன்ஸ்பீல்டு அதனை விரைவுபடுத்தினார். இருவரும் 2003ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இச்சுருள்களில் மின்னோட்டம் விட்டுவிட்டுப் பாயும்போது, பெருங்காந்தத்தின் விசை அவற்றைத் தள்ளி அதிரச் செய்கின்றது. நோயாளிகள் அஞ்சும் அந்தத் தடதட ஓசை, 1821ஆம் ஆண்டில் பாதரசக் கிண்ணத்தில் கம்பியைச் சுழற்றிய அதே விசையின் ஓசையே. அறையின் சுவரிலும் கதவிலும் செப்புத் தகடு பதித்திருப்பதும், கண்ணாடிச் சன்னலில் உலோக வலை பின்னியிருப்பதும், வெளி வானொலி அலைகள் நுழையாதிருக்கும் பொருட்டாம். அவ்வறையே ஒரு பாரடே கூண்டு.

திசுக்கள் வேறுபட்டுத் தோன்றுதல்

எல்லாத் திசுக்களிலும் புரோட்டான் உண்டு. அவ்வாறாயின் படம் முழுதும் ஒரே வெண்மையாக இராமல், மூளை வேறு, கொழுப்பு வேறு, நீர் வேறு எனத் தோன்றுவது எவ்வாறு? புரோட்டான் ஒன்றே; அது வாழும் சூழல்தான் வெவ்வேறு.

சாய்ந்த ஊசிகள் மீள்வதில் இரு நிகழ்ச்சிகள் உள்ளன. முதலாவது, ஏற்ற ஆற்றலைச் சுற்றுப்புறத்துக்குக் கொடுத்துவிட்டுப் புலத்தின் திசைக்குத் திரும்புதல். இதற்காகும் காலம் டி1 எனப்படும். கொழுப்பின் பெரிய மூலக்கூறுகள் மெல்லப் புரள்வதால் ஆற்றல் விரைவில் கைமாறும். அதன் டி1 ஏறத்தாழக் கால் நொடி. தெளிநீரின் சிறு மூலக்கூறுகள் மிக விரைந்து புரள்வதால் ஆற்றல் எளிதில் கைமாறாது. மூளையைச் சூழ்ந்த தண்டுவட நீரின் டி1 ஏறத்தாழ நான்கு நொடி. மூளைத் திசுக்கள் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பன.

இரண்டாவது, ஒன்றாக வட்டமிட்ட ஊசிகள் தம்முள் தாளம் பிசகுதல். கரைவலை இழுப்போர் அம்பாப் பாட்டின் தாளத்துக்கு ஒன்றாக அடியெடுத்து வைப்பர். பாட்டு நின்றால், இழுக்கும் வலிமை இருந்தும், அடிகள் ஒவ்வொன்றாகப் பிசகும். வலையில் விழும் விசை குறையும். அவ்வாறே புரோட்டான்கள் தாளம் பிசகும்போது செய்தி மங்கும். இதற்காகும் காலம் டி2. மூளைத் திசுவில் இது ஏறத்தாழப் பத்தில் ஒரு நொடி. தெளிநீரில் பன்மடங்கு மிகுதி.

அலைகளைச் செலுத்தும் இடைவெளியையும், செய்தியைக் கேட்கும் வேளையையும் மாற்றியமைத்து, எந்த வேறுபாடு படத்தில் தெரியவேண்டும் என்பதை மருத்துவத் துறையினர் தேர்ந்துகொள்வர். டி1 வகைப் படத்தில் கொழுப்பு வெண்மையாகவும் நீர் கருமையாகவும் தோன்றும். உறுப்புகளின் அமைப்பு நன்கு விளங்கும். டி2 வகைப் படத்தில் நீர் வெண்மையாகத் தோன்றும். வீக்கம், கட்டி, பக்கவாதத்தால் கெட்ட மூளைப்பகுதி ஆகியவற்றில் பெரும்பாலும் நீர் மிகுவதால், அவை இப்படத்தில் வெளுத்துக் காணப்படும். எலியின் புற்றுக்கட்டியில் இவ்விரு காலங்களும் நல்ல திசுவைவிட நீண்டிருப்பதை டமேடியன் 1971ஆம் ஆண்டில் வெளியிட்டதே மருத்துவ உலகம் இத்துறையை நோக்கக் காரணமாயிற்று.

சிலவேளை கடோலினியம் கலந்த மருந்தை ஊசிவழிச் செலுத்துவதும் உண்டு. அது பாரா காந்தப் பொருள், காந்தத்தால் இழுக்கப்படுவது. அருகிலுள்ள நீரின் டி1 காலத்தை அது குறைப்பதால், அது சென்று கசியும் இடம் வெண்மையாகும். நலமுள்ள மூளையின் குருதிக் குழாய்கள் அதனைக் கசிய விடுவதில்லை. கட்டியின் குழாய்கள் விடுகின்றன. சிறுநீரகக் கோளாறு உடையோர் இம்மருந்துக்கு முன் அதனை மருத்துவரிடம் கூறல் வேண்டும். உடலில் இதயமுடுக்கியோ இரும்புத் துண்டோ இருப்பின் அதனையும் மறைத்தலாகாது. காந்தம் எப்போதும் விழித்திருப்பதால், இரும்புப் பொருள் எதனையும் அவ்வறைக்குள் கொண்டு செல்லுதல் கூடாது.

குருதியைப் பற்றிய செய்தி ஒன்று வியப்பிற்குரியது. 1845ஆம் ஆண்டில் பாரடே சோதித்த குருதியில் இரும்பு உண்டு. ஆயினும் அது காந்தத்தால் விலக்கப்பட்டது. 91 ஆண்டுகள் கழித்து, 1936ஆம் ஆண்டில் பாலிங், கோரியல் இருவரும் அதன் உட்பொருளைக் கண்டனர். ஆக்சிசன் ஏற்ற குருதிச் சிவப்பு டயா காந்தம். ஆக்சிசனை இழந்தது பாரா காந்தம். 1990ஆம் ஆண்டில் ஒகாவா இவ்வேறுபாட்டைக் கொண்டே மூளையைப் படம்பிடிக்கும் வழியை வகுத்தார். நாம் எண்ணும்போதும் பேசும்போதும் மூளையின் எப்பகுதி உழைக்கின்றது என்பதை இன்று காண முடிவது இதனாலேயே.

பண்பும் மறைவும்

பாரடேக்கு உயர்கணிதம் தெரியாது. காந்தத்தைச் சூழ்ந்து வளைந்து செல்லும் விசைக்கோடுகளை மனக்கண்ணால் கண்டே அவர் ஆராய்ந்தார். கணிதம் அறிந்த பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. மாக்ஸ்வெல் என்னும் இளைஞரே அக்கோடுகளுக்குக் கணித வடிவம் தந்து, அவற்றின் உண்மையை உலகுக்கு உணர்த்தினார்.

சிறுவர்க்கென இராயல் நிறுவனத்தில் நடைபெறும் கிறித்துமசுச் சொற்பொழிவுகளைப் பாரடே 1827 முதல் 1860 வரை பத்தொன்பது முறை நிகழ்த்தினார். ஒரு மெழுகுவத்தி எரிவதை மட்டும் வைத்துக்கொண்டு வேதியியல் முழுவதையும் பிள்ளைகளுக்கு விளக்கியவர் அவர். 1836 முதல் ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் அந்நாட்டுக் கலங்கரை விளக்கங்களுக்கு அறிவியல் ஆலோசகராகவும் பணியாற்றினார். இரவில் கரை தேடும் கலத்துக்கு அவ்வொளி எத்தகையது என்பதை நம் கடற்கரை மக்கள் நன்கறிவர்.

செல்வம் அவரைத் தேடி வந்தது. அவர் அதனைத் தேடவில்லை. வீரத்திருத்தகைப் பட்டத்தை மறுத்தார். இராயல் கழகத் தலைமைப் பதவியை இருமுறை மறுத்தார். கிரீமியப் போரில் நச்சுப்புகைக் கருவி செய்ய உதவுமாறு அரசு கேட்டபோது அதற்கும் இணங்கவில்லை. முதுமையில் நினைவாற்றல் குன்றி, 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் மறைந்தார். பேரரசர்களும் புலவர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம்பெற விரும்பாது, ஹைகேட் இடுகாட்டில் எளியதொரு கல்லின்கீழ் அடங்கினார்.

நாம் எண்ணத்தக்கது

பாரடேயின் அறிவு இயற்கை தந்த கொடை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வறிவு மட்டும் அவரை ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிடவில்லை. பணம் பெறாது தொழில் கற்பித்து, கட்டும் நூலைப் படிக்கவும் விட்ட கடைக்காரர் ஒருவர். பட்டறைக் கூலியில் ஷில்லிங் ஒதுக்கிய அண்ணன் ஒருவர். நுழைவுச்சீட்டு வாங்கித் தந்த இசைவாணர் ஒருவர். படம் வரையக் கற்பித்த ஓவியர் ஒருவர். இவர்களுள் எவரும் அறிவியலார் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். தாம் செய்தது எங்கே சென்று முடியும் என்பதை அவர்கள் அறிந்திருக்கவும் இயலாது. அந்த ஷில்லிங் கிடைக்காதிருந்தால், இலண்டனில் திறமையான புத்தகம் கட்டுவோர் ஒருவர் கூடுதலாக இருந்திருப்பார், அவ்வளவே.

உப்பளத்துக்கும் கடலுக்கும் கட்டட வேலைக்கும் பாதிப் படிப்பில் அனுப்பப்பெறும் நம் பிள்ளைகளுள் யார் எத்தகையவர் என்பதை நாமும் இன்று அறியோம். கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக வாங்கித் தந்துவரும் குறிப்பேடுகளும், கட்டிவரும் தேர்வுக் கட்டணங்களும், திறந்து வைத்திருக்கும் மாலை வகுப்பறையும் கணக்கேட்டில் சிறு தொகைகளாகவே தோன்றும். இராபர்ட்டின் ஷில்லிங்கும் அத்தகையதே. அத்தொகைகள் இனிவரும் ஆண்டுகளிலும் தட்டின்றிச் செல்ல நாம் அனைவரும் துணைநிற்போமாக. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பிள்ளை எவ்வீட்டில் இருப்பினும், இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே அப்பிள்ளையை மீண்டும் பள்ளிக்கு அழைத்து வருவோமாக.